ஒரு குழி மண்ணும் ஐந்து கொடியும்

புதுச்சேரியில் மனையை இன்னும் குழிக் கணக்கில்தான் பேசுவோம். ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. கோரிமேட்டுப் பக்கம் எங்கள் உறவினர் ஒருவருக்கு மூன்று குழி மனை பல வருடமாகச் சும்மா கிடந்தது. அவர் குடும்பத்தோடு பிரான்சில் இருக்கிறார். முள் மண்டாமல், யாரும் குப்பை கொட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், வாடகை ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி, தெரிந்த மூன்று வீட்டுக்கு ஆளுக்கொரு குழியாகப் பிரித்துக் கொடுத்தார். என் பங்குக்கு வந்தது சாலையை நோக்கிச் சரிந்து இறங்கும் துண்டு. மேல் பக்கம் நல்ல செம்மண். கீழ்ப் பக்கம் மழைத் தண்ணீர் வந்து நிற்கும் பள்ளம். இந்தச் சரிவைப் பற்றிப் பின்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

மாடியில் நாலு தொட்டியில் கறிவேப்பிலையும் கற்பூரவல்லியும் வைத்திருந்தவள் நான். ஒரு குழி மண் கைக்கு வந்ததும் கிழங்குதான் போட வேண்டும் என்று முடிவானதற்குக் காரணம் சின்னத் தாத்தா.

அவர் வீடு 'சொல்தா' வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பட்டாளம் முடிந்து பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருபது வருடம் இருந்தார். அங்கே அவருக்கு ஒரு தோட்டத் துண்டு கிடைத்தது. 'ழார்தேன் உவ்ரியே', அதாவது தொழிலாளர் தோட்டம். லெமீர் என்ற பாதிரியார் 1896இல் தொடங்கி வைத்த இயக்கம் அது. உழைக்கிற குடும்பத்துக்கு ஊர் ஓரத்தில் கையளவு நிலம், அதில் அவர்களுக்கு வேண்டிய காய்கறி. கோரிமேட்டு மனையை மூன்றாகப் பிரிக்கலாம் என்று உறவினருக்கு யோசனை சொன்னதே தாத்தாதான்.

பாரிசுத் தோட்டத்தில் அவர் விளைவித்தது பெரும்பாலும் உருளைக்கிழங்கு. கோடு போட்ட நோட்டு ஒன்றில் வருடா வருடம் தோட்டத்தை வரைந்து, எந்தப் பாரில் எந்த ரகம் என்று எழுதி வைத்திருந்தார். பிந்த்ஜ், ஷார்லோத், ரத். ஒன்றுவிட்ட தங்கைகளைப் பற்றிப் பேசுவதுபோல் அவற்றைப் பேசுவார். பிந்த்ஜ் மசியலுக்கும் வறுவலுக்கும். நெதர்லாந்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உண்டாக்கிய ரகம், தன்னிடம் படித்த பெண்ணின் பெயரையே அதற்கு வைத்தார். ஷார்லோத் அவித்தாலும் உடையாது. ரத் விரல் தடிமன்தான், தோலோடு தின்ன வேண்டும். அங்கே கடையில் கிழங்கு மூட்டையின் மேல் ரகத்தின் பெயர் எழுதியிருக்கும். எங்கள் பெரிய மார்க்கெட்டில் கேட்டால் 'ஊட்டி', 'கோலார்' என்று ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். "ஊர் பேர வெச்சி எதை மசிக்கிறது, எதை வறுக்கிறது?" என்பது தாத்தாவின் நீண்ட நாள் குறை.

2022 கார்த்திகையில் பாடம் தொடங்கியது. வீட்டில் வாங்கிய கிழங்கில் முளைவிட்டதாகப் பொறுக்கி, முட்டை அட்டையில் கண் மேலே பார்க்க அடுக்கி ஜன்னலோரம் வைத்தோம். வெளிச்சத்தில் முளை குட்டையாக, தடிப்பாக வரும். இருட்டில் வைத்தால் வெளிறிப்போய் நூல்மாதிரி நீளும், அது ஆகாது. துண்டுக்கு இரண்டு கண் இருக்கிற மாதிரி நறுக்கி, வெட்டிய முகத்தில் சாம்பல் தடவி, ஒரு நாள் காயவிட்டு நட்டோம். செடி ஒரு சாண் வந்ததும் இரண்டு பக்கமும் மண் அணைக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். உருளைக்கிழங்கு வேர் இல்லை, தண்டு என்றார். நட்ட துண்டுக்கு மேலே, தண்டிலிருந்து கிளைகள் மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடும். அந்தக் கிளையின் நுனி உருண்டுதான் கிழங்கு. மேலே மண் இல்லாவிட்டால் வெயில் பட்டுப் பச்சை ஏறும், பச்சை ஏறிய கிழங்கில் சோலனைன் என்ற நஞ்சு சேரும். எண்பது வயதைத் தாண்டியவர், கைத்தடியால் நான் அணைத்த மண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னார்.

செடி தளதளவென்று வந்தது. இடுப்பளவுக்கு வளர்ந்து சாய்ந்தது. அக்கம்பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 2023 மாசியில் தோண்டியபோது இருபத்திரண்டு செடிக்கும் சேர்த்து ஒரு கிலோகூட இல்லை. பெரும்பாலும் நெல்லிக்காய் அளவு.

தாத்தா அந்தக் கிழங்குகளைக் கையில் உருட்டிப் பார்த்தார். "செடி மேல தப்பு இல்ல பாப்பா. ராத்திரி மேல தப்பு" என்றார். அது சரியான கணிப்பு. உருளைக்கிழங்கு கிழங்கு கட்ட இரவு குளிர வேண்டும். 15 முதல் 20 டிகிரி அதற்குப் பிடித்த சூடு. கடற்காற்று அடிக்கிற புதுச்சேரியில் மார்கழியிலும் இரவு வெப்பம் 20க்குக் கீழே போவது சில நாள்தான். இரவெல்லாம் வெப்பம் நின்றால், பகலில் இலை செய்த சர்க்கரையைச் செடி மூச்சுவிட்டே செலவழிக்கும்; மிச்சமும் கீழே இறங்காமல் தழைக்கும் தண்டுக்கும் போய்விடும்.

ஊட்டியிலிருந்து நல்ல விதைக்கிழங்கு வரவழைத்து இன்னொரு முறை பார்க்கலாமா என்று யோசித்தோம். விசாரித்ததில் அதற்கும் வழி இல்லை. நீலகிரியில் 1961இல் ஜோன்ஸ் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் உருளைக்கிழங்கு வேரில் ஒருவகை நூற்புழுவைக் கண்டார். கடுகைவிடச் சிறிய கூடு, ஒவ்வொரு கூட்டிலும் நூற்றுக்கணக்கில் முட்டை, மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். மற்ற ஊர்களுக்குப் பரவாமல் இருக்க நீலகிரி விதைக்கிழங்கு மலையைவிட்டு இறங்கத் தடை போட்டார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ஆராய்ச்சி நிலையம், அந்தப் புழுவைத் தாங்கி நிற்கும் குஃப்ரி சுவர்ணா என்ற ரகத்தை மலை விவசாயிகளுக்குக் கொடுத்தது. அதுவரை ரகம் என்றால் ருசி, நிறம், அளவு என்றே நினைத்திருந்தேன். எந்த மண்ணில் எந்த எதிரி, எந்த ஊரில் எந்த இரவு என்பதற்கேற்ப ரகம் பார்க்க வேண்டும் என்பது இந்த ஒரு கிலோ நெல்லிக்காய்க் கிழங்கால் உறைத்தது.

கிழங்கு விற்கிற ஆயா ஒருவரை அதே வருடம் ஆனி மாதத்தில் பார்த்தேன். வானூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, மார்க்கெட்டுக்கு வெளியே சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். சேப்பங்கிழங்கு, கருணை, ஒரு குவியல் சிவப்புத் தோல் சர்க்கரைவள்ளி. தாத்தாவின் பழக்கம் எனக்கும் தொற்றியிருந்ததால் இது என்ன ரகம் என்று கேட்டேன்.

"நம்ம கெழங்கு கண்ணு."

"பேரு ஒண்ணும் இல்லீங்களா?"

"எங்கம்மா வூட்லேந்து நான் வாழ வரச்சே கொண்டாந்த கொடி. அதுக்கு இன்னா பேரு வெக்கிறது?"

ஒரு கிலோ வாங்கி வந்து இட்லிப் பானையில் அவித்தோம். நார் இல்லை, மாவாக உதிர்ந்தது, தொண்டையை அடைக்கிற இனிப்பு. தாத்தா இரண்டு தின்றுவிட்டு, பிரான்சில் இதை 'பத்தாத் தூஸ்' என்பார்கள், இனிக்கிற பத்தாத் என்று அர்த்தம், தான் இருந்த காலத்தில் அங்கே இது ஆப்பிரிக்காக்காரர் கடையில்தான் கிடைத்தது என்றார். பத்தாத் என்ற சொல்லே முதலில் சர்க்கரைவள்ளிக்கு உரியது. அமெரிக்கத் தீவுகளிலிருந்து ஐரோப்பியக் கப்பலேறி வந்த 'பத்தாத்தா' அது. உருளைக்கிழங்கு பின்னால் வந்து அந்தப் பெயரில் பங்கு கேட்டது. யாழ்ப்பாணத்தில் சர்க்கரைவள்ளியை வத்தாளங்கிழங்கு என்கிறார்கள்; அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழைய சொல் நினைவுக்கு வரும்.

மறு வாரம் போய், கொடி தருவீர்களா என்று ஆயாவிடம் கேட்டேன். கொடி தருவேன், வந்து அறுத்துக்க என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் வானூர் போக ஆரம்பித்தேன். இரண்டு வருடம் போனேன்.

சர்க்கரைவள்ளியில் நாம் தின்பது வேர். தாத்தாவிடம் கற்ற பாதி இங்கே செல்லாது. நறுக்கிப் புதைக்கக் கண் கிடையாது, நடுவது கொடித்துண்டு. எந்தக் கொடி என்பதில்தான் ஆயா கண்டிப்பு. "அடிக்கொடி கெழவி, நுனிக்கொடி கொமரி. நுனிய அறு." நுனியிலிருந்து ஒரு சாண் நீளம், நாலைந்து கணு இருக்க வேண்டும். அறுத்ததும் நடக் கூடாது. இலையோடு கட்டி, நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி இரண்டு நாள் வைத்தால் கணுவில் வெள்ளை வெள்ளையாக வேர் முனை தெரியும். அதன் பிறகு இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகிற மாதிரி நட வேண்டும். பாருக்குப் பார் இரண்டடி, கொடிக்குக் கொடி ஒரு சாண். ஒரு குழிக்கு ஏறக்குறைய 400 கொடி பிடிக்கும். அறுக்கும்போதே தாய்க்கொடியைப் பார்க்கச் சொன்னார்: போன அறுவடையில் எந்தத் தூரில் கிழங்கு கொத்தாக இருந்ததோ, எதில் வண்டு விழவில்லையோ, அதில்தான் கை வைக்க வேண்டும். அந்தத் தூர்களுக்கு அவர் ஒரு குச்சி நட்டு வைத்திருப்பார். பெயர் தெரியாத ஒரு ரகத்தை நாற்பது வருடமாக ஒரு பெண் இப்படித் தூர் தூராகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார். பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இதையே தேர்வு முறை என்று எழுதி வைத்து, ஆள் போட்டுச் செய்கிறார்கள்.

2023 புரட்டாசியில் என் குழியில் முதல் நடவு. அதில் நான் செய்த தவறு எரு. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, பக்கத்து மாட்டுக் கொட்டகையிலிருந்து பச்சைச் சாணமாகவே கொண்டுவந்து போட்டேன். கொடி தரையே தெரியாமல் மூடியது. 2024 பொங்கலுக்குத் தோண்டினால் எலிவால் மாதிரி வேர். எல்லாம் சேர்த்துப் பதினாலு கிலோ. ஆயா வந்து பார்த்தார். "கொடிக்கு சோறு போட்டுட்ட. கெழங்குக்குப் பசி இருந்தாத்தான் அது சேத்து வெக்கும்." தழைச்சத்து மிஞ்சினால் கொடி ஓடும், சாம்பல்சத்து கிடைத்தால் கிழங்கு பருக்கும். அதன் பிறகு குரும்பாபேட்டில் இருக்கும் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டேன். மக்கிய எரு கொஞ்சம், வீட்டு அடுப்புச் சாம்பல் நிறைய என்று மாற்றினேன். பதினைந்து இருபது நாளுக்கு ஒரு முறை கொடியைத் தூக்கிப் புரட்டிப் போடவும் பழகினேன். கொடி போகிற இடமெல்லாம் கணுவில் வேர்விட்டால் ஆங்காங்கே விரல் கிழங்காகச் சிதறிப்போகும்.

வண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எறும்பைப் போல ஒல்லியாக, நீலத் தலையும் சிவந்த மார்புமாக இருக்கும் மூக்கு வண்டு. உலகம் முழுக்க சர்க்கரைவள்ளிக்குப் பெரிய எதிரி இதுதான். கிழங்கு பருக்கும்போது மண் பிளக்கும். அந்தப் பிளவு வழியாக இறங்கிக் கிழங்கில் முட்டை வைக்கும். புழு தொட்ட கிழங்கு முழுக்கக் கசக்கும், மாடுகூட ஒதுக்கும். மருந்து இருக்கிறது, ஆண் வண்டைப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறியும் இருக்கிறது. ஆயாவிடம் இருந்தது கால். பார் மேல் நடந்தபடி பிளவு தெரிகிற இடத்தில் குதிகாலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே போவார். "மண்ணு வாய் தொறந்தா வண்டு பூந்துடும்." நான் பொறியும் வைக்கிறேன், அவர் மாதிரி மிதித்தும் மூடுகிறேன். விளைச்சல் முற்றிய பிறகு ஒரு வாரம்கூட மண்ணில் விட்டுவைப்பதில்லை. தாமதம் செய்கிறவர்களுக்குத்தான் வண்டு அதிகம்.

தாத்தாவின் நோட்டு என்னைச் சும்மா விடவில்லை. நம் ஊர் வெப்பத்துக்கான கிழங்கிலும் ரகங்கள் இருக்க வேண்டுமே என்று தேடி, 2024 ஆடியில் திருவனந்தபுரம் போனேன். ஸ்ரீகார்யத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1963 முதல் இருக்கிறது. மரவள்ளி, சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி என்று உருளை தவிர்த்த கிழங்குகளுக்காகவே உள்ள இடம். நாலு ரகத்தில் ரகத்துக்கு இருபது கொடியாக வாங்கி, ஈரச் சாக்கில் சுருட்டி, அனந்தபுரி எக்ஸ்பிரஸில் விழுப்புரம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நாற்றங்காலில் வைத்து இரண்டு மாதத்தில் ரகத்துக்கு எண்பதாகப் பெருக்கினேன்.

ஸ்ரீ அருண், இளஞ்சிவப்புத் தோல், மூன்று மூன்றரை மாதத்தில் முடியும் பயிர். ஸ்ரீ பத்ராவுக்கு ஒரு தனிக்குணம்: வேர் முடிச்சு நூற்புழுவைத் தன் வேருக்குள் இழுத்து, அங்கேயே வளரவிடாமல் முடித்துவிடும். அடுத்த பயிருக்கு மண்ணைச் சுத்தம் செய்கிற பொறிப்பயிராகவே இதைச் சொல்கிறார்கள். ஸ்ரீ கனகா சதை ஆரஞ்சு நிறம், எண்பது நாளில் எடுத்துவிடலாம். நாலாவது பூ கிருஷ்ணா. இந்தப் 'பூ' மலர் இல்லை, பூமி. நிறுவனத்தின் புவனேஸ்வர் மையம் தந்த ரகம். உள்ளே கத்தரிப்பூ நிறம், உப்பு மண்ணைத் தாங்கும். ஐந்தாவதாக ஆயாவின் பெயரில்லாத கொடி. இலையைப் பார்த்தே ஆயா ஐந்தையும் பிரித்துவிடுவார். இது வெத்தல இலை, இது வாத்துக்கால், இதுக்குக் காம்பு செவப்பு என்று.

செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை நட்டேன். பொங்கலுக்கு எடுக்கிற கணக்கு. சாலையோரப் பள்ளத்தில் ஸ்ரீ கனகா, அடுத்து ஸ்ரீ பத்ரா, ஸ்ரீ அருண், பூ கிருஷ்ணா, மேட்டில் ஆயாவின் கொடி. அறுபத்திரண்டாம் நாள், நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் வீடுகளில் தண்ணீர் புகுந்து, ராணுவம் படகில் வந்து ஆட்களை ஏற்றியது. எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர். நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். மேட்டில் பார்கள் கரைந்து கிடந்தன, தண்ணீர் வடிந்திருந்தது. பள்ளத்தில் இன்னும் நின்றது. மண்வெட்டியால் சாலைப் பக்கம் வாய்க்கால் வெட்டிவிட்டேன். சேற்றில் இறங்கி மிதிக்காதே, மண் கையில் ஒட்டாத பதம் வந்த பிறகு பார் கட்டு என்று ஆயா போனில் சொன்னார். அதற்கு ஒன்பது நாள் ஆனது.

ஸ்ரீ கனகாவை அதன் நாளில், டிசம்பர் 20 வாக்கில் தோண்டினேன். மூன்று கிலோ, பாதி அழுகல் கழித்தது போக. மற்றதை 105ஆம் நாள், ஜனவரி 12 அன்று எடுத்தோம். முற்றியதா என்று பார்க்க ஒரு கிழங்கை வெட்டிக் காற்றில் வைக்க வேண்டும்: பால் காய்ந்து வெட்டு வெள்ளையாகவே இருந்தால் எடுக்கலாம், கரும்பச்சையாக மாறினால் இன்னும் நாள் வேண்டும். ஆயாவின் கிழங்கு பதினொரு கிலோ, பூ கிருஷ்ணா ஒன்பது, ஸ்ரீ அருண் ஏழு, ஸ்ரீ பத்ரா ஐந்தரை. தாத்தாவின் நோட்டைப் போலவே நானும் எழுதினேன். நாட்டுக் கொடிதான் சிறந்தது, ஸ்ரீ கனகா நம் ஊருக்கு ஆகாது என்று முடிவும் எழுதி, பெருமையோடு ஆயாவிடம் படித்துக் காட்டினேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. "கனகாவ எங்க வெச்ச?" என்றார். பள்ளத்தில் என்றேன். "பள்ளத்துல வெச்சிட்டு ரகத்த குத்தம் சொல்லாத. என் கொடிய மேட்டுல வெச்சி, நல்லா இருக்குதுன்ற. அது மேட்டோட நல்லது."

எழுதிய எண்களை மறுபடி பார்த்தேன். மூன்று, ஐந்தரை, ஏழு, ஒன்பது, பதினொன்று. சரிவு எப்படி ஏறுகிறதோ அப்படியே விளைச்சலும் ஏறியிருந்தது. நான் அளந்தது ரகத்தை இல்லை, தண்ணீர் நின்ற ஆழத்தை. எழுதப் படிக்கத் தெரியாத ஆயா அதை ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார். தாத்தா தன் நோட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு ரகமும் அவர் தோட்டத்தில் மூன்று இடத்தில் இருந்தது, வருடம் மாறும்போது இடமும் மாறியிருந்தது. அத்தனை நாள் அந்தப் படங்களைப் பார்த்தும், அவர் ஏன் ஒரே ரகத்தைச் சிதறவிட்டார் என்று நான் கேட்டதில்லை. இப்போது என் குழியை மேடு, நடு, பள்ளம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஐந்து ரகமும் வருகிற மாதிரி கோடு போட்டிருக்கிறேன். மூன்று நாலு வருடம் இப்படிப் பார்த்த பிறகுதான் ஒரு ரகத்தைப் பற்றி நான் வாயைத் திறப்பேன்.

ருசியில் மட்டும் இப்போதே சொல்லத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். தோண்டிய கிழங்கை அன்றே தின்னக் கூடாது. நிழலில் சாக்கு மேல் ஒரு வாரம் பரப்பி வைத்தால் தோல் இறுகும், மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகும். அவிக்கும்போதும் அடுப்பை மெல்ல ஏற்ற வேண்டும். சூடு நிதானமாக ஏறினால்தான் இனிப்பு முழுக்க வரும், குக்கரில் விசில்விட்டால் பாதிதான். அப்படி அவித்ததில் ஆயாவின் கிழங்குக்கு நிகர் இல்லை. பொங்கல் குழம்பில் போட ஸ்ரீ அருண் சரி, கரையாமல் நின்றது. ஸ்ரீ கனகா நீர்ப்பாக இருக்கும், நாட்டுக் கிழங்கு தின்று பழகிய நாக்கு முதலில் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் அதை நான் விடமாட்டேன். அந்த ஆரஞ்சு நிறம் உடம்பில் போய் வைட்டமின் ஏ ஆகிறது. மொசாம்பிக், உகாண்டா போன்ற நாடுகளில் குழந்தைகளின் பார்வையைக் காக்க ஆரஞ்சு சர்க்கரைவள்ளியைப் பரப்பிய மரியா ஆன்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோருக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். மசித்து, வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் கொழுக்கட்டைப் பூரணமாக வைத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்கிறார்கள்.

பொங்கல் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆயாவுக்கு அப்போதுதான் பெரிய வேலை ஆரம்பம். தையில் கிழங்கு எடுத்தால் மறு நடவு புரட்டாசியில். நடுவே எட்டு மாதம், அதில் சித்திரையும் வைகாசியும். கொடியை உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஒரு கிழங்கை எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். வெயிலில் அது சுருங்கும், வண்டு விழும், நம்பி இருக்க முடியாது என்றார். அதனால் அறுவடையின்போதே குச்சி நட்ட தூர்களிலிருந்து நுனி எடுத்து, வேப்பமர நிழலில் உடைந்த தொட்டியிலும் சிமென்ட் சாக்கிலும் நட்டு, தினமும் சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அவருடைய முக்கால் காணியும் மண்ணோடு போனது. வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு தொட்டிக் கொடி மிஞ்சியது. இன்று அவர் வயலிலும் என் மேட்டிலும் இருப்பது அந்த இரண்டு தொட்டியின் வழி வந்ததுதான். அந்தக் கிராமத்தில் முன்பு ஏழெட்டு வீட்டில் அதே கொடி இருந்ததாம். கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் ஒவ்வொரு வீடாக விட்டுப்போனது. இப்போது அவர் வீட்டில் மட்டும்.

இந்தச் சித்திரையில் என் மாடியில் ஐந்து தொட்டி இருக்கிறது. கறிவேப்பிலையை ஓரமாக நகர்த்திவிட்டேன். தாத்தா மாடி ஏற முடியாது. பேரனை அனுப்பித் தண்ணீர் ஊற்றியாகிவிட்டதா என்று கேட்டனுப்புகிறார். ஆயாவின் கொடி இருக்கும் தொட்டியில் ஒரு சீட்டு சொருகி வைத்திருக்கிறேன். பெயருக்கான இடத்தில் வானூர் என்று ஊர்ப்பெயரையும், அதன் கீழே அவர் திருமணமாகி வந்த வருடத்தையும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையிலோ, தெரிந்தவர் வயலிலோ பெயரில்லாத சர்க்கரைவள்ளிக் கொடி ஏதாவது இருந்தால், கேட்டு வாங்குங்கள். நுனியிலிருந்து ஒரு சாண், நாலு கணு. ஒரு தொட்டியில் நட்டு, நிழலில் வைத்து, கோடை முடியும்வரை தினமும் சாயங்காலம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். புரட்டாசியில் அதில் நாலு கொடியை அறுத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.